விழுந்த பிள்ளையைத் தூக்காதவள்

விழுந்த பிள்ளையைத் தூக்காதவள் என்ற பெயர் செல்வகுமாரிக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பாகூர் ஏரிக்கரைப் பக்கம் மூடிக் கிடந்த ரைஸ்மில் குடோனில் செல்வகுமாரி குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு நடத்துகிறாள். அன்றைக்குப் பக்கத்து வீட்டு ராமு கம்பியில் தொங்கும்போது கை நழுவி, மெத்தைக்கு வெளியே போய் விழுந்தான். அவன் அம்மா தேவி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வாரி எடுக்க ஓடி வந்த அவளைச் செல்வகுமாரி தோளைக் கொடுத்து மறித்துவிட்டாள்.

மறித்தவள் தானாவது தூக்கினாளா என்றால் அதுவும் இல்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பையனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தலையை ஆட்டாதே என்றாள். பெயர் கேட்டாள். கால் கட்டைவிரலை அசைக்கச் சொன்னாள். பையன் அழுதுகொண்டே கிடந்தான். பெற்றவள் பக்கத்தில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

ராமுவுக்கு மணிக்கட்டு வீங்கியதோடு சரி. ஆனால் தெருவில் யாரும் மணிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை.

வைஜெயந்தியால் இதை அடுத்த வீட்டுச் சங்கதி என்று விட முடியவில்லை. செல்வகுமாரி அவளுடைய ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. வைஜெயந்தியின் புருஷன் அரசுதான் வீட்டுக்கு மூத்தவர். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. இளையவன் சுபாஷ் கடைத்தெருவில் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான். கடலோரத்து மூர்த்திக்குப்பத்திலிருந்து செல்வகுமாரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவன். வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் அவன் வைத்த ஃபிளெக்ஸ் இன்னும் நிற்கிறது. டிராக் சூட்டில் கையைத் தூக்கிக்கொண்டு செல்வகுமாரி. தலைக்கு மேலே 'தேசியப் பயிற்சியாளர்' என்று தங்க எழுத்து.

வைஜெயந்தியின் ஒரே மகள் கீர்த்தி, நாலாம் வகுப்பு. சித்தியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் முதல் வரிசையில் நிற்பவள். நவம்பர் ஒன்றாம் தேதி, பிரெஞ்சு ஆட்சி போன விடுதலை நாள் விழாவில் தெருப் பிள்ளைகள் எல்லோரும் மேடை ஏறுகிறார்கள். அவர்களுக்கு உடுப்பு தைப்பது வைஜெயந்திதான்.

சனிக்கிழமை காலை பால் பூத்தில் தேவி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ராமுவின் கையைப் பற்றிச் சொன்னாள். பிறகு வில்லியனூரில் அவள் அண்ணி வீட்டுப் பக்கத்தில் நடக்கிற வகுப்பைப் பற்றிச் சொன்னாள். அங்கே பிள்ளைகள் ஒரே மாதத்தில் ஆகாசத்தில் பல்டி அடிக்கிறார்களாம். இங்கே நம் பிள்ளைகள் இன்னும் சாக்கு மூட்டை மாதிரி உருண்டுகொண்டிருக்கிறார்கள் என்றாள். அதுவரைக்கும் வைஜெயந்தி சும்மா தலையாட்டிக்கொண்டு நின்றாள். பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் தேவி குரலை இறக்கினாள்.

"உங்க ஓரகத்தி கோச் கோர்ஸே முடிக்கலயாமே, வைஜி? அந்த வில்லியனூர் கிளாஸ் பொண்ணும் இவகூடத்தான் மெட்ராஸுக்குப் போயிருந்தாளாம். பரீட்ச அன்னிக்கே பையத் தூக்கிகினு கெளம்பிட்டான்னு சொல்றா."

"யாரு சொன்னது உனக்கு?"

"சொன்னவங்கள வுடு. உன் பொண்ணு கழுத்து, நீ பாத்துக்க."

பாலைக் காய்ச்சும்போது வைஜெயந்திக்கு ஒரு ஞாபகம் வந்தது. மெட்ராஸ் கோர்ஸ் முடிந்து செல்வகுமாரி வீடு திரும்பிய அன்று, அவள் பையைப் பிரித்துத் துணிகளை ஊறப் போட்டது வைஜெயந்திதான். துணிக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி நெத்திலிக் கருவாடு இருந்தது. நேராக மெட்ராஸிலிருந்து வருகிறேன் என்று சொன்னவள் பையில் கருவாடு எப்படி வந்தது? அன்றைக்கு அந்தக் கேள்வி வரவில்லை. கருவாட்டை வறுத்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அரசுவுக்குப் போன் செய்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டுக்கொண்டார். ஊரார் பேச்சை வைத்து வீட்டை இரண்டாக்கிவிடாதே, நான் வந்து விசாரிக்கிறேன் என்றார். அவர் வருவதற்குள் இன்றைக்கும் நாளைக்கும் வகுப்பு இருக்கிறதே என்று வைஜெயந்தி சொன்னபோது லைன் கட்டாகியிருந்தது.

டேப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குக் கிளம்பினாள். உடுப்புக்கு அளவெடுக்கிற சாக்கு.

இத்தனை நாளில் அவள் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை.

பாதி நேரம் விளையாட்டிலேயே போனது. பிள்ளைகள் தவளை மாதிரித் தாவினார்கள், நண்டு மாதிரி நடந்தார்கள். அதற்கு முன்னால் செல்வகுமாரி ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். உடம்பு சுடுகிறது என்று ஒரு பெண்ணை ஓரமாக உட்கார வைத்துவிட்டாள். பிறகு பெஞ்சு மேலிருந்து குதிக்கச் சொன்னாள். குதிப்பதில் ஒரு வித்தையும் இல்லை. முட்டியை மடக்கி, கையை முன்னால் நீட்டி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். தரையில் சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடியும் பெஞ்சு ஏற வேண்டும். திரும்பத் திரும்ப இதுதான்.

தெரிந்ததை வைத்து நேரத்தை ஓட்டுகிறாள் என்று வைஜெயந்திக்குத் தோன்றியது. விவரம் தெரிந்த வாத்தியார் ஒருவர் இதையே செய்திருந்தால் பொறுமைசாலி என்று நினைத்திருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கீர்த்தி பெஞ்சு மேல் நின்று, சித்தி, ஒரே ஒரு பல்டி என்று கெஞ்சினாள். செல்வகுமாரி தலையை அசைத்து மறுத்தாள். கீர்த்தி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வேண்டுமென்றே சத்தமாகக் குதித்தாள்.

தண்ணீர் குடிக்க விட்ட நேரத்தில் வைஜெயந்தி கிட்டே போனாள்.

"பல்டி எப்ப சொல்லிக் குடுக்கப் போற?"

"இதுங்களுக்கு இன்னும் எறங்கவே வரலக்கா."

"உனக்கு வருமா?"

செல்வகுமாரி சிரிக்கப் பார்த்தாள். "ஸ்கூல் படிக்கிறப்ப அடிச்சிருக்கேன். அடிக்கிறது வேற, அடுத்தவங்க புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறது வேறக்கா."

நல்ல பதில்தான். ஆனால் தெரியாதவளும் இதே பதிலைச் சொல்லலாம். வைஜெயந்தி விடவில்லை. கோர்ஸ் முடித்ததற்கு சர்டிபிகேட் கொடுத்திருப்பார்களே, அதை லேமினேட் பண்ணி இங்கே மாட்டினால் தேவி மாதிரி ஆட்கள் வாயை மூடுவார்களே என்றாள். செல்வகுமாரி குனிந்து மெத்தையின் ஓரத்தைச் சரிசெய்தாள். சரியாகவே இருந்த மெத்தை அது.

"வந்துகினு இருக்குக்கா. தபால்ல."

ஆடி மாதம் முடித்த கோர்ஸ். இப்போது ஐப்பசி பிறந்து, ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

வைஜெயந்தி வீட்டுக்குத் திரும்பவில்லை. ஸ்கூட்டியை மூர்த்திக்குப்பம் ரோட்டில் விட்டாள். செல்வகுமாரியின் அம்மா கலியம்மாள் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கை சீட்டுக்கு அடியில் தயாராக இருந்தது. போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

கலியம்மாள் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள், வைஜெயந்தியைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரவிக்கையை விரித்துப் பார்த்தாள். கை கொஞ்சம் பிடிக்கும் போலிருக்கிறதே என்றாள். போன முறை அளவெடுத்தபோது மெலிந்திருந்தீர்கள் என்று வைஜெயந்தி சொன்னாள். கலியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏரி மீனத் துன்னுட்டு நீங்க மெலிஞ்சிகினே போங்க. நாங்க கடல் மீன் துன்றவங்க."

காப்பி வந்தது. மழை, மீன் வரத்து, சுபாஷின் கடை என்று பேச்சு எங்கெங்கோ போனது. வைஜெயந்தி கடைசியில் கருவாட்டைப் பற்றி ஆரம்பித்தாள். மெட்ராஸிலிருந்து வரும்போது குமாரி கொண்டுவந்த நெத்திலி மாதிரி பாகூர் சந்தையில் கிடைப்பதில்லை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"அது நான் காயவச்சதும்மா. அவ வேணவே வேணாம்னா. நான்தான் பையில திணிச்சனுப்பினேன்." கலியம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கி இருந்த இருப்பப் பாத்தா யாருக்கும் மனசு கேக்காது. வந்ததும் கவுந்து படுத்தவதான். சோறு எறங்கல. மாப்ள போன் மேல போன் போடறாரு, எடுக்கல. இன்னாடி ஆச்சின்னு கேட்டா, 'தரைய அடிச்சிட்டேம்மா, தரைய அடிச்சிட்டேன்'னு அதையே சொல்லிகினு கெடந்தா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"தரைய அடிச்சாளா?"

கலியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வைஜெயந்தியின் முகத்தில் என்ன தெரிந்ததோ, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. தம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வூட்ல குமாரி ஒண்ணும் சொல்லலியா என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னாள், எல்லாம் சொன்னாள் என்று வைஜெயந்தி பொய் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை கலியம்மாள் வாசலிலேயே நின்றாள்.

வழியெல்லாம் அந்த ஒரு பேச்சுதான் ஓடியது. தரையை அடித்தாளாம். ஆத்திரத்திலா? யாரோடாவது சண்டை போட்டாளா? இல்லை, இவளுக்கு அவ்வப்போது ஏதாவது வருமா? கட்டிக் கொடுக்கும்போது மறைத்துவிட்டார்களா? குடோனில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகத் தேவி சொன்னது நினைவுக்கு வந்தபோது வண்டியை முறுக்கினாள்.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கீர்த்தி கூடத்தில் டிவி முன்னால் இருந்தாள். செல்வகுமாரி தையல் மெஷின் இருக்கிற அறையில் உட்கார்ந்து உடுப்புகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே செய்கிற வேலை. வைஜெயந்தி கதவை ஒருக்களித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூர்த்திக்குப்பம் போயிருந்தேன்."

ஊசி நின்றது.

"எதுக்குக் குமாரி தரைய அடிச்ச?"

 ஓட்டின் மேல் மழை வலுத்தது. செல்வகுமாரி அழுவாள் என்று வைஜெயந்தி எதிர்பார்த்தாள். அழவில்லை. மடியிலிருந்த உடுப்பை மடித்து ஓரமாக வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

எழுத்துப் பரீட்சை நன்றாகத்தான் எழுதினாளாம். உடம்பைச் சூடு பண்ணுவது, எந்த வயதுக்கு எது, எதற்குப் பிறகு எது, உருளும்போது எங்கே கை கொடுத்துத் தாங்குவது, எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கடைசியாக ஒன்றுதான் பாக்கி. கூடப் படிக்கிற ஒரு பெண்ணைக் கம்பிக்குக் கீழே படுக்க வைத்து, இவள் ஒரு குழந்தை, இப்போதுதான் விழுந்தாள், நீ என்ன செய்வாய் என்று பரீட்சை வைக்கிற மேடம் கேட்டாராம்.

"அது சும்மா நடிக்குதுன்னு தெரியும்க்கா. ஆனா அழுவுது. நெசமாவே அழுவுற மாதிரி. நான் ஓடினேன். வாரித் தூக்கினேன். இடுப்புல வச்சுகினு முதுகத் தட்டினேன்." அவள் கை தானாகவே தட்டிக் காட்டியது. "அப்பால... அப்பால குனிஞ்சு தரைய ரெண்டு அடி அடிச்சேன். இந்தத் தரதானே பாப்பாவ அடிச்சுது, இந்தா வாங்கிக்கன்னு."

வைஜெயந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கீர்த்தி தவழ்ந்த காலத்தில் இந்த வீட்டு வாசற்படியை அவளே எத்தனை அடி அடித்திருக்கிறாள். குழந்தை விழுந்தால் தூக்குவது, உதறிவிடுவது, தரையை அடிப்பது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. உண்மையான குழந்தையாக இருந்து, கழுத்தெலும்பு நகர்ந்திருந்தால், விழுந்ததில் பிழைத்தது நீ தூக்கியதில் போயிருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

"அதான் ராமு வுழுந்தப்ப கையப் பின்னால கட்டிகினேன். கட்டலன்னா தூக்கியிருப்பேன்க்கா. தேவியக்காவ மறிக்கலன்னா அவங்க தூக்கியிருப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல."

மழை கொஞ்சம் விட்டது. வைஜெயந்திக்கு மனதில் இருந்த பயம் இறங்கியது. ஆனால் கோபம் அப்படியே இருந்தது.

"பாஸ் பண்ணாம எதுக்குடி கிளாஸ் நடத்துன?"

"நான் நடத்தணும்னு நடத்தலக்கா. மனசு தேறி அம்மா வூட்லேர்ந்து வந்து பஸ்ஸ வுட்டு எறங்குறேன், அங்க மேல நானே நின்னுகினு இருக்கேன். தங்க எழுத்துல. நாலு பேரு வந்து கை குலுக்குறாங்க. அவரு முகத்தப் பாத்தா எப்படிச் சொல்றது?"

புது வருஷம் பிறந்து அடுத்த கோர்ஸ் நடக்கும்போது அந்த ஒரு பரீட்சைக்கு மறுபடி போகலாமாம். அதுவரை தேறிய பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளைகளைத் தொடலாம் என்பது விதி. தேறினாலும், அவள் படித்த முதல் படியில் உருளலும் தொங்கலும் குதித்து இறங்குவதும்தான் உண்டு. ஆகாசத்தில் தலைகீழாகத் திரும்புவது அதில் இல்லை. அதற்கு மேலே இன்னும் படிகள் இருக்கின்றன.

"எனக்குச் சொல்லிக் குடுத்தத மட்டும்தான் செஞ்சேன். தெரியாததத் தொடல."

"தெரிஞ்சதுலயேதான் ராமு வுழுந்தான்."

செல்வகுமாரி ஓரமாக வைத்த உடுப்பை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். மெத்தை போதாது என்று சுபாஷிடம் கேட்டதையோ, அவன் விழா முடியட்டும் என்று தள்ளிப் போட்டதையோ அவள் சொல்லவில்லை. வைஜெயந்திக்கு அது தெரியும். சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்திருக்கிறது.

"சாயங்காலம் சுபாஷ் வந்ததும் நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

"சொன்னா போர்ட எறக்க மாட்டாருக்கா. என்னத்தான் எறக்கிடுவாரு."

"யார எறக்கினாலும் சரி. நாளைக்கு அந்த குடோன் தெறக்கக் கூடாது."

பேச்சு முடிந்துவிட்டது என்று காட்ட வைஜெயந்தி கீர்த்தியைக் கூப்பிட்டாள். தைத்து முடித்த முதல் உடுப்பு அவளுடையதுதான். நீலத்தில் வெள்ளிச் சரிகைக் கோடு. விழாவுக்கு ஆகுமோ ஆகாதோ, தைத்ததைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கீர்த்தி டிவியை விட்டு வர மனமில்லாமல் வந்தாள். உடுப்பில் காலை நுழைத்து, கையை நுழைத்து, திரும்பி நின்றாள். வைஜெயந்தி முதுகு ஜிப்பை ஏற்றினாள். பாதியில் கீர்த்தி நெளிந்தாள்.

"மேல போடாதம்மா. எரியுது."

தோள்பட்டைகளுக்கு நடுவில் தோல் உராய்ந்து சிவந்திருந்தது. அதற்குக் கீழே ஆறிக் கறுத்த பழைய காயம் ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

வைஜெயந்தி மகளைப் பார்க்கவில்லை. முதலில் செல்வகுமாரியைத்தான் பார்த்தாள். இவ்வளவு சொன்னவள் இன்னும் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்கிற பார்வை அது.

செல்வகுமாரி அந்தப் பார்வையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுந்து வந்து காயத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இது மெத்தையில வர்ற காயம் இல்லக்கா. சிமெண்ட்ல தேச்சது."

பிறகு அவள் குரலே மாறிவிட்டது. கீர்த்தியைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். முதுகெலும்பின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு இடமாக, இங்கே வலிக்கிறதா, இங்கே, என்று கேட்டுக்கொண்டே மேலே போனாள். கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் கீர்த்தி ஸ் என்றாள். தலையை நீயாக வலது பக்கம் திருப்பு, மெதுவாக, வலித்தால் நிறுத்திக்கொள் என்றாள். கீர்த்தி திருப்பினாள். இடது பக்கம் என்றாள். தலை கொஞ்சம் திரும்பியதும் நின்றுவிட்டது.

"கை மரத்துப் போவுதா, கண்ணு?"

"காலைல எழுந்தா சுருசுருன்னு இருக்கும். அப்பறம் போயிடும்."

 யாருடி, எங்கே விழுந்தாய் என்று வைஜெயந்தி கேட்டாள். கீர்த்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று வாங்கிய சத்தியம் கண்ணில் தெரிந்தது.

"சர்ப்ரைஸ்னு சொன்னாரு சித்தப்பா. விழா அன்னிக்கித்தான் சித்திக்கும் தெரியணுமாம்."

கொஞ்ச நாளாக மாலையில் சுபாஷ் வந்து பப்ஸ் வாங்கித் தருகிறேன் என்று கீர்த்தியைக் கூட்டிப்போகிறான். பிள்ளை மேல் அவனுக்கு எப்போதும் உயிர். வைஜெயந்தியே தலைவாரி, பவுடர் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

கீர்த்தி சொல்லச் சொல்ல எல்லாம் வந்தது. கடைக்கு மேலே மொட்டை மாடி. பழைய ஃபிளெக்ஸ்களை எல்லாம் அடுக்கி மெத்தை மாதிரி போட்டிருக்கிறான். சித்தி பயந்தாங்கொள்ளி, அவள் சொல்லித் தராததை நான் தருகிறேன் என்றானாம். போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி, அதே மாதிரி செய்யச் சொல்கிறான். ஃபிளெக்ஸ் மேலேயே விழுந்தால் ஒன்றும் ஆவதில்லை. அது வழுக்கும், அப்போதுதான் சிமெண்டில் போய் விழுவாள்.

"சித்தப்பா உன்னப் புடிச்சுக்கிறாரா?" என்று கேட்டாள் செல்வகுமாரி.

"மொதல்ல புடிச்சாரு. இப்ப எனக்கே வருது. அவரு போனப் புடிச்சுக்கிறாரு, வீடியோ எடுக்க."

வைஜெயந்தி மகளை அள்ளிக்கொள்ளப் போனாள். செல்வகுமாரி தடுத்தாள். இந்த முறை தோளால் மறிக்கவில்லை. அக்கா, என் பேச்சைக் கேளுங்கள், தூக்காதீர்கள் என்று கெஞ்சினாள். அது கெஞ்சலாக இருந்ததால்தான் வைஜெயந்தி நின்றாள். இரண்டு பேருமாகக் கீர்த்தியை மெல்லக் கட்டிலில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். செல்வகுமாரி தலைமாட்டில் மண்டியிட்டு, குழந்தையின் காதுகளின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நேற்றெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது, ஆனாலும் டாக்டர் பார்க்கிறவரை தலை ஆடக் கூடாது என்றாள். நூற்றெட்டுக்குப் போன் போடச் சொன்னாள். வைஜெயந்தி போட்டாள். ஊர் பெயரையும் தெருப் பெயரையும் சொல்வதற்குள் மூன்று முறை தடுமாறினாள்.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. இஞ்சினை நிறுத்தாமலே சுபாஷ் கூப்பிட்டான்.

"அண்ணி, மழ வுட்டுடிச்சி. கீர்த்திய அனுப்புங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்."

கட்டிலில் கீர்த்தி எழப் பார்த்தாள். செல்வகுமாரியின் கைகள் நகரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் குரல் இந்த வீட்டு வாசலைத் தாண்டி யாரும் கேட்டதில்லை.

"வண்டிய ஓரமா போடுங்க. ஆம்புலன்ஸ் வருது, வழி வேணும்."

அவன் செருப்பைக்கூட விடாமல் உள்ளே ஓடி வந்தான். அறை வாசலில் நின்று பார்த்தான். நீல உடுப்பில் அசையாமல் படுத்திருக்கிற அண்ணன் மகள், அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனைவி, கையில் போனோடு அண்ணி. யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் தன் வேலையைச் செய்தது. நேற்று நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, எதற்கு இப்படிப் பயமுறுத்துகிறாய், நீ பெரிய கோச்சு, உனக்குத் தெரியாதா, தூக்கி உட்கார வை என்றான்.

தூக்கப் போவது போலக் குனிந்தான்.

"தொடாதீங்க," என்றாள் செல்வகுமாரி.

அவன் நிமிர்ந்தான்.

"நான் பாஸ் பண்ணலங்க," என்றாள் அவள். கண்ணைக் குழந்தையின் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "நீங்களும் பண்ணல."